கண் மூடியிருந்த படம்

அப்பு,

நீ குவைத்திலிருந்து அனுப்பிய கல்யாண சி.டி. வந்து சேர்ந்தது. கூரியர்காரர் வாசலில் வந்து நின்றபோது நான் அடுக்களையில் இருந்தேன். உன் அப்பாதான் கவரை வாங்கினார். வாங்கிவிட்டு, "லக்கேஜ் டிக்கெட் போட்டாச்சா?" என்று பழைய கண்டக்டர் குரலில் அவரையே திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்க, நான் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். இதைப் படித்து நீ சிரிக்கலாம். நானும் சிரித்தேன். சிரிப்பதைத் தவிர வேறு எதுவும் இப்போது என் கைவசம் இல்லை.

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு, என் முட்டி வலி எப்படி இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா, அக்கா வந்து போனாளா என்று கேட்டு முடிப்பதற்குள் உன் போன் கார்டு தீர்ந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "யாரு? யாரு?" என்று உன் அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குப் பதில் சொல்வதா, உனக்குப் பதில் சொல்வதா? காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிப் பிழைத்தவள் நான். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

படங்கள் அருமையாக இருக்கின்றன. குறை சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதே. ஸ்டுடியோக்காரர்கள் எல்லோர் முகத்திலும் மாவு பூசி வெளுப்பாக்கிவிடுவார்கள் என்று சொல்லி, உன் கேமராவை உன் சிநேகிதன் சேவியர் கையில் கொடுத்துப் படம் எடுக்க வைத்தாய். எடிட்டிங்கையும் நீயே ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்ததாக மருமகள் சொன்னாள். தெரிகிறது. மாதா கோயில் வாசலில் தொங்கிய கரண்ட் ஒயரைக் காணோம். சாமியானாவின் ஓட்டையைக் காணோம். உன் பெரியப்பா சட்டையில் வெற்றிலைக் கறை இருந்தது, அதையும் காணோம். அவர் வீட்டில் பெரியம்மா எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத கறை அது. பூசைக்குப் பிறகு கோயில் படியில் நாம் எல்லோரும் நின்று எடுத்த குடும்பப் படத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உன் அப்பா உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வாய் நிறையச் சிரிப்பு. மகன் கல்யாணத்தில் ஒரு தகப்பன் எப்படி நிற்பானோ அப்படி நிற்கிறார்.

அப்பு, அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வெளியே மெயின் ரோட்டில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் முழங்கையைப் பிடித்து எவ்வளவு இழுத்தும் திரும்பவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தச் சிரிப்பு உன் அக்கா கல்யாணத்தில் சிரித்த சிரிப்பு. அந்த முகத்தை எடுத்து இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறாய். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதே, நீ சொல்லிக்கொடுத்த பாடம்தான். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று முதலில் பார் என்பாயே. நம் எல்லோருக்கும் மூக்கின் நிழல் இடது பக்கம் விழுந்திருக்கிறது. அவருக்கு மட்டும் வலது பக்கம். அதோடு கீழ்வரிசையில் போன வருஷம் விழுந்த பல் திரும்ப முளைத்திருக்கிறது.

கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு தடவை அவர் உன்னைப் பார்க்க மாட்டாரா என்று நான் அன்றைக்கு எத்தனை பேரிடம் வேண்டிக்கொண்டேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். நடக்காததை நீ கம்ப்யூட்டரில் நடத்திக் காட்டிவிட்டாய். உன்னால் முடிந்ததை நீ செய்தாய். எனக்கு அதுகூட முடியவில்லை. அப்புறம் உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே வழுவழுவென்று இருந்தது. தழும்பையும் அழித்துவிட்டாய்.

அந்தத் தழும்பு உனக்கு எப்படி வந்தது என்று உனக்கே பாதிதான் நினைவிருக்கும். நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. வீட்டில் இருந்தால் என்னைப் படுத்துகிறாய் என்று உன் அப்பா உன்னைத் தன் பஸ்ஸில் நத்தம் டிரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாணார்பட்டிக்கு இந்தப் பக்கம் ஆடு ஒன்று குறுக்கே வந்து டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டிருக்கிறார். சீட்டில் உட்காரச் சொன்னால் கேட்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ, அந்தக் கம்பியிலேயே நெற்றியைக் கொடுத்தாய். உன் அப்பா டிக்கெட் பையைக் கழற்றி டிரைவர் மடியில் போட்டுவிட்டு, வளர்ந்த பயலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே வந்த தக்காளி டெம்போவை மறித்து ஏறியிருக்கிறார். நான் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். உன் ரத்தம் அவருடைய காக்கிச் சட்டையெல்லாம். அவர் உன் முகத்தருகே குனிந்து, "வலிக்குதாலே? வலிக்குதாலே?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். நீ பெரிய வீரன் மாதிரி, "இல்லப்பா" என்றாய். உனக்கு ஊசி போட்டபோது அழாத மனிதர் அதைக் கேட்டு அழுதார்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பரீட்சைக்குப் போகிறாய், ஊருக்குப் போகிறாய் என்றால் நம் வீட்டு வழக்கப்படி பெருவிரலால் உன் நெற்றியில் சிலுவை போடுவார் அல்லவா, முதலில் விரல் அந்தத் தழும்பைத் தொடும். "வலிக்குதாலே?" என்பார். நீ "இல்லப்பா" என்று சொன்ன பிறகுதான் சிலுவை. மீசை முளைத்துக் காலேஜுக்குப் போன பிறகும் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் சிநேகிதர்கள் பார்க்கிறார்கள் என்று நீ நெளிவாய். "இல்லப்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடுவாய். அப்படிச் சொன்னாலும் அவருக்குப் போதும்.

காலேஜ் நாட்களில்தான் உனக்குக் கேமராப் பைத்தியம் பிடித்தது. இரவல் கேமரா, அதில் ஒரு ஃபிலிம் ரோல். ஒரு படம் வீணாகக் கூடாது என்று எங்களை நிற்க வைத்து, தள்ளி நிற்க வைத்து, தலையைச் சாய்க்கச் சொல்லி உயிரை வாங்குவாய். "ஏலே, எனக்கு டிரிப்புக்கு நேரமாச்சு. சீக்கிரம் அமுக்குலே" என்று உன் அப்பா கத்துவார். ரோலைக் கழுவி வந்தால் பாதிப் படங்களில் யாருக்காவது கண் மூடியிருக்கும். நான் மூடியிருப்பேன், அல்லது அவர் மூடியிருப்பார். ஆனாலும் அவற்றையும் ஆல்பத்தில் செருகித்தான் வைத்தோம். காசு போட்டுக் கழுவிய படத்தை யார் எறிவார்கள்?

பிறகு வேலைக்குப் போய் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டு வந்தாய். ஒரு பட்டனைக் காட்டி, "பிடிக்கலைன்னா உடனே அழிச்சிரலாம்மா, செலவே இல்ல" என்றாய். அன்றைக்கு எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. நீ வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது பெரிய கேமராவை வாங்கிக்கொண்டு, இதை எனக்கென்று விட்டுப்போனாய். கிளம்புவதற்கு முன் என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாயே. உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே குழி விழும், அப்போது பகலாக இருந்தாலும் ஃபிளாஷ் போடு. ஜன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தாதே, ஜன்னலைப் பார்க்க நிறுத்து. கண்ணில் ஃபோகஸ் வை, கண் தெளிவாக இருந்தால் மற்றது கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் திருத்துவதாக இருந்தால் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு நகலில்தான் கை வைக்க வேண்டும், அசலைத் தொடவே கூடாது. எல்லாவற்றையும் நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அந்தக் கடைசிப் பாடத்தை வாத்தியார் மறந்துவிடவில்லையே என்பதுதான் இப்போது என் கவலை.

உன் அப்பாவின் தொழிலே முகம்தான். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லாத கூட்டத்திலும் யார் டிக்கெட் எடுத்தார்கள், யார் எடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். என்னையும் அப்படித்தான் பிடித்தார். தினமும் அவர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற டீச்சர், ஒருநாள் வராவிட்டால் மறுநாள் "டீச்சருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டவர். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தன்னோடு வருஷக்கணக்காக வண்டி ஓட்டிய டிரைவரைப் பார்த்து, "இவரு யாரு டீச்சர்?" என்று என் காதில் கேட்டார். அன்றைக்குத் தொடங்கியது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் நல்லவர். "போனது திரும்ப வராதும்மா. இருக்கிறது கொஞ்சம் மெதுவாப் போறதுக்குத்தான் மருந்து. போட்டோ காட்டிப் பேர் சொல்லிக்கிட்டே இருங்க" என்றார். உன்னிடம் லேசான மறதி என்று மட்டும் சொன்னேன். புது நாடு, புது வேலை, அங்கிருந்துகொண்டு நீ என்ன செய்துவிட முடியும்?

அதனால் உன் சின்னக் கேமராவைத் தினமும் கையில் எடுத்தேன். பாத்ரூமைப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுப் பாத்ரூம் கதவில் ஒட்டினேன், அவருக்கு வழி தெரியட்டும் என்று. அவர் அந்தப் படத்தை மெதுவாக உரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீ மெயிலில் அனுப்பும் உன் படங்களைப் பிரிண்ட் போட்டுக் காட்டினேன். பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்கி, முகத்தைப் பளபளவென்று திருத்தி அனுப்புவாயே, அந்தப் படங்கள். "எந்த ஸ்டாப்புல ஏறுனாரு?" என்று கேட்பார். நான் தினமும் சொல்வேன், நம் மகன் என்று. தலையை ஆட்டுவார். மறுநாள் மறுபடி அதே கேள்வி. அவரை வைத்துக்கொண்டு நான் எடுத்த படங்களில் கண் மட்டும் அவ்வளவு தெளிவாக இருக்கும், நீ சொன்னபடி அங்கேதான் ஃபோகஸ் வைப்பேன். ஆனால் அந்தக் கண் யாரையும் பார்த்துக்கொண்டிருக்காது. அதற்கு எந்த லென்ஸ் வாங்குவது என்று உன்னைக் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டிருக்கிறேன்.

இந்த சி.டி. வந்த அன்று அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். குடும்பப் படத்தைத் திரை நிறையக் காட்டினேன். முதலில் தன்னையே காட்டி, "இந்தாளு யாரு? நல்லாச் சிரிக்கிறாரு" என்றார். நீங்கதான் என்றேன். நம்பவில்லை. பிறகு உன்னைப் பார்த்தார். திரைக்கு வெகு பக்கத்தில் போய், பெருவிரலால் உன் நெற்றியைத் தடவினார். தூசியைத் துடைப்பது போலத் திரும்பத் திரும்பத் தடவினார். "நம்ம பய இல்ல டீச்சர் இது" என்றார்.

"நம்ம பயதாங்க. நல்லாப் பாருங்க."

"இல்ல. நம்ம பயலுக்கு நெத்தியில தையல் போட்ட தழும்பு இருக்கும். இவனுக்கு இல்லையே."

 பீரோவுக்கு மேலிருந்து பழைய ஆல்பத்தை இறக்கினேன். உன் காலேஜ் கேமராவில் யாரோ உன்னை எடுத்த படம், வெயில் முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எண்ணெய் வழிகிற முகத்தோடு நிற்கிறாய். பின்னால் கொடியில் என் சேலை காய்கிறது. உன் பாடத்தின்படி எல்லாத் தப்பும் அதில் இருக்கிறது. அதைக் கையில் கொடுத்ததும், "இந்தா, இவந்தான். சாணார்பட்டியில அடிபட்டான்ல" என்றார். விரலைத் தழும்பின் மேல் வைத்தார். உன் பெயர் வரவில்லை. தழும்பு வந்தது. அதன் பிறகு "அம்புட்டு ரத்தம், டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு உன் கல்யாணத்தன்று காலையில் நடந்தது முழுவதும் விளங்கியது. கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டில் நீ எங்கள் முன்னால் முழங்காலில் நின்றாய். நான் அவர் கையைப் பிடித்து உன் தலைப்பக்கம் கொண்டுபோனேன். வெளியே பேண்டு செட் வாசிக்கிறது, அறை முழுக்கச் சொந்தக்காரர்கள், குடை வைத்த லைட்டை உன் மைத்துனன் பிடித்துக்கொண்டிருக்கிறான். சேவியர் ஒரு படம் எடுத்தான். கேமராவைப் பார்த்துவிட்டு, "அங்கிள் கண்ணை மூடிட்டாரு. இன்னொண்ணு எடுத்துக்கிறேன்" என்றான். நீயும் முழங்காலில் நின்றபடியே தலையைத் திருப்பி, "செத்த நேரம் இருடா, லைட்ட இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லு" என்றாய். பிறகு அவரிடம், "அப்பா, அங்க பாருங்க. கேமராவப் பாருங்க" என்றாய். அவர் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். அதன் பிறகு அவர் எங்கோ போய்விட்டார். இரண்டாவது, மூன்றாவது படங்களில் என் கைதான் அவர் கையைப் பிடித்துச் சிலுவை போடுகிறது. சி.டி.யில் இருப்பது மூன்றாவது படம்.

உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவுதான். கறையை அழி, ஒயரை அழி, உன் பெரியப்பாவின் சட்டையை வெளுத்துக் கொடு. ஆளின் மேல் இருப்பதை அழிக்காதே. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் கண் மூடிய படத்தையும் வைத்துக்கொள், அழுத படத்தையும் வைத்துக்கொள். எதை வைத்து யார் உன்னைக் கண்டுபிடிப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்வதால் இந்த வீட்டில் ஒன்றும் மாறப்போவதில்லை என்றும் எனக்குத் தெரியும். அந்தத் தழும்பும் இன்னும் எத்தனை நாளைக்கு அவரிடம் இருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் குனிந்து மருந்துச் சீட்டை எழுதினார்.

எனக்கு அந்த முதல் படம் வேண்டும். சேவியருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வீணாப் போன படம்லாம் கேமரா கார்டுலயே இருந்துச்சு ஆன்ட்டி. கார்டை அவன்கிட்டயே குடுத்துட்டேன். அவன் ஃபார்மட் பண்ணியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். நீ ஃபார்மட் செய்திருப்பாய். அடுத்த வேலைக்கு முன் கார்டைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவன் நீ. இருந்தாலும் தேடிப் பார். எங்காவது ஒரு நகல் இருந்தால் எதையும் திருத்தாமல், வெளிச்சத்தைக்கூடக் கூட்டாமல் அப்படியே அனுப்பு. அதில் அவர் கண் மூடியிருப்பார். அவர் பெருவிரல் உன் இடது புருவத்துக்கு மேலே இருக்கும்.

கண் கூசி அவர் மூடவில்லை, அப்பு. நான் அவர் தோளை ஒட்டி நின்றேன், பேண்டு சத்தத்திலும் எனக்குக் கேட்டது. விரல் தழும்பில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, உனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்து, "வலிக்குதாலே?" என்று கேட்டார். நீ லைட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். அவர் நீ பதில் சொல்லட்டும் என்று விரலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

படம் கிடைக்காவிட்டால் போகட்டும். ஒரு நடை நீ வந்துவிட்டுப் போ. கேமரா வேண்டாம். முழங்காலில் நில், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். மறுபடி கேட்பாரா, மாட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்காவிட்டாலும் நீ சொல்லிவிடு, "இல்லப்பா" என்று.

அம்மா